சோபா போட்ட சுவர்

உங்க வீட்டு ஹாலில் எத்தனை சுவர் இருக்கு? நாலுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. சோபாவோட முதுகைச் சேர்த்து எண்ணினீங்களா? டைனிங் டேபிளைச் சுற்றி நிற்கிற ஆறு நாற்காலி? ஷோகேஸ்? பழைய தையல் மிஷின்? நடந்து போகிற ஒருத்தரை நிறுத்தி, சுற்றிப் போகச் சொல்ற எதுவும் சுவர்தான். செங்கல்லில் கட்டினா கட்டடம், மரத்தில் செஞ்சா பர்னிச்சர். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் சிவில் மூணாவது வருஷம். நம்ம டிபார்ட்மெண்டில் சுவரைப் பற்றி நிறைய சொல்லித் தர்றாங்க. 9 அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர், எது பாரம் தாங்கும், எது தாங்காது எல்லாம் எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. ஆனா வீட்டுக்குள்ள பாதிச் சுவரை நம்ம அப்பா அம்மாவே பர்னிச்சர் கடையில் தவணையில் வாங்கிட்டு வர்றாங்கன்னு எந்தப் பாடத்திலும் வரல. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நீங்க மெக்கானிக்கலா இருந்தாலும் ஐ.டி.யா இருந்தாலும் படிக்கலாம். ஃபார்முலா எதுவும் கிடையாது. கூட்டல் கழித்தல் மட்டும்.

சுவர் இல்லாத ஹால் எங்கிருந்து வந்தது?

இப்ப கட்டுற அபார்ட்மெண்டில் முக்கால்வாசி, வரவேற்பறையும் சாப்பாட்டு இடமும் ஒரே நீளமான ஹால்தான். 'லிவிங் கம் டைனிங்'னு பில்டர் சொல்வாங்க. ஒரு சுவர் குறைஞ்சா இடம் பெரிசாத் தெரியும், காத்து வரும், கட்டுற செலவும் கொஞ்சம் குறையும்.

வெளிநாட்டுக் கட்டடக் கலையில் இதுக்குப் பெரிய பெயர் பிராங்க் லாயிட் ரைட். சிகாகோவில் 1910-ல் கட்டி முடிச்ச ராபி வீட்டில் வரவேற்பறையும் சாப்பாட்டு அறையும் ஒரே நீள இடம். நடுவில் குளிர் காயும் அடுப்பு மட்டும் நிற்கும், ரெண்டு பக்கமும் இடம் தொடர்ந்து போகும். அதில் எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. சுவரை எடுத்த அதே மனுஷன், சாப்பாட்டு மேசைக்குத் தலைக்கு மேல போற உயரத்தில் முதுகு வச்ச நாற்காலிகளை வடிவமைச்சார். எல்லாரும் உட்கார்ந்தா, நாற்காலி முதுகுகள் சேர்ந்து அறைக்குள் ஒரு குட்டி அறை மாதிரி ஆயிடும். அதாவது, எடுத்த சுவரை பர்னிச்சரா திருப்பி வச்சார். தெரிஞ்சே வச்சார். நம்ம வீட்டில் தெரியாமலே வந்துடுது.

நமக்கு இது புதுசான்னு கேட்டா, இல்ல. மானாமதுரையில் எங்க பழைய ஓட்டு வீட்டுக் கூடம் முழுக்கத் திறந்த இடம்தான். ஒரு பெஞ்சு, அப்பத்தாவோட தேக்கு நாற்காலி, மூலையில் சுருட்டி நிறுத்தின பாய்கள். அவ்வளவுதான் பர்னிச்சர். காலையில் அருவாமனை போட்டுக் காய் நறுக்கினா அது சமையல் இடம். மதியம் வரிசையா உட்கார்ந்தா சாப்பாட்டு இடம். 2 மணிக்குத் தலையணை போட்டா படுக்கை. ராத்திரி பாயை விரிச்சா எட்டுப் பேர் தூங்கற இடம். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, டைம் ஷேரிங். ஒரே இடம், நேரத்துக்கு நேரம் வேற வேலை.

பாயைச் சுருட்டலாம். சோபாவைச் சுருட்ட முடியாது. இதுதான் கூடத்துக்கும் இந்த ஹாலுக்கும் நடுவில் இருக்கிற முழு வித்தியாசமும். கூடத்தில் பொருள் எழுந்து வழி விட்டது. ஹாலில் மனுஷன் எழுந்து வழி விடறான். வழி விட முடியாதவங்க, அறைக்குள்ளேயே இருந்துடறாங்க.

எங்க ஹாலின் கணக்கு

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா சென்னைக்கு வெளியே ஒரு டபுள் பெட்ரூம் பிளாட் வாங்கினாங்க. ஹால் 24 அடி நீளம், பத்தரை அடி அகலம். மனசுக்குள்ள ஒரு படம் போட்டுக்கோங்க. வடக்குக் கடைசியில் பால்கனி. தெற்குக் கடைசியில் கிழக்கு ஓரமா சமையலறை, மேற்கு ஓரமா வாஷ்பேசினும் பாத்ரூமும். கிழக்குச் சுவரில் வாசல் கதவு. அதுக்கு எதிரே, மேற்குச் சுவரில் கொஞ்சம் தள்ளி அப்பத்தா அறையின் கதவு.

பில்டர் கொடுத்த கலர் புத்தகத்தில் எல்லாமே அழகா வரைஞ்சிருந்தாங்க. வடக்குப் பக்கம் எல் வடிவ சோபா, தெற்குப் பக்கம் நடுவில் ஆறு பேர் டைனிங் டேபிள், ஓரமா ஒரு பூந்தொட்டி. அந்தப் படத்தை ஸ்கேல் வச்சு அளந்து பார்த்தேன். சோபாவின் ஆழம் இரண்டே கால் அடின்னு வந்தது. கடையில் விக்கிற சோபாவின் ஆழம் 3 அடி. படத்தில் நாற்காலிகள் எல்லாம் மேசைக்கு அடியில் முழுசா நுழைஞ்சு இருக்கு, அதில் ஒரு ஆளும் உட்காரல. பிளான் படத்தில் பொதுவா மனுஷங்களைக் காணோம் பாருங்க. பர்னிச்சர் மட்டும் நிம்மதியா வாழும்.

அப்பா அந்தப் படத்தில் இருந்த மாதிரியே வாங்கினாங்க. இதில் தப்பு சொல்ல எதுவும் இல்ல. வாடகை வீட்டில் 19 வருஷம் இருந்த மனுஷன். பிளாஸ்டிக் சேர் போட்டு விருந்தாளியை உட்கார வச்சவர். அந்த எல் சோபா அவருக்குப் பொருள் இல்ல, பட்டம் மாதிரி.

போன வருஷம் அப்பத்தா பாத்ரூமில் விழுந்தாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன். 76 வயசு. வாக்கர் பிடிச்சு நடக்க ஆரம்பிச்சாங்க. பிசியோதெரபி கொடுக்க வந்தவர் ரெண்டு விஷயம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒண்ணு, உட்கார விடாதீங்க, நடக்க விடுங்க. ரெண்டு, தாழ்வான இடத்தில் உட்கார வேண்டாம், உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேல போகக் கூடாது.

இப்ப கழித்தல் போடுவோம்.

ஹால் அகலம் பத்தரை அடி. மேசை அகலம் 3 அடி. நடுவில் போட்டா ரெண்டு பக்கமும் மூணே முக்கால் அடி மிச்சம். ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டா, மேசை விளிம்பிலிருந்து முதுகு வரைக்கும் சுமார் 2 அடி போயிடும். மிச்சம் ஒண்ணே முக்கால் அடி, அதாவது 21 அங்குலம். அப்பத்தாவோட வாக்கரின் கால்களை வெளிப்பக்கமா அளந்தேன். 24 அங்குலம்.

21-க்குள்ள 24 போகாது. இதுக்கு இன்ஜினியரிங் காலேஜ் தேவையில்ல.

அந்தச் சந்துதான் அப்பத்தா அறையிலிருந்து பாத்ரூமுக்குப் போற ஒரே வழி. யாரும் உட்காராதப்போ நாற்காலிகளைத் தள்ளி வச்சா வாக்கர் போகும். யாராவது சாப்பிட்டா போகாது.

வடக்குப் பக்கமும் பார்த்துடலாம். சோபா 3 அடி, எதிர்ச்சுவரில் டிவி ஸ்டாண்ட் ஒன்றரை அடி. நடுவில் 6 அடி மிச்சம். அதில் 2 அடி டீப்பாய். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் கால் வைக்க ஒன்றரை அடி. கடைசியில் நடக்க இரண்டரை அடி. வாக்கர் போகும், ஆனா திரும்பாது. வழியில் ஒரு கார்ப்பெட், அதுக்கு மேல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயர். இத்தனையும் தாண்டிப் போனா சோபாவின் உட்காரும் உயரம் 16 அங்குலம், உட்கார்ந்ததும் இன்னும் 3 அங்குலம் அமுங்கும். எழுந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்.

வீட்டுக்குள்ள ஒரு டிராபிக் சர்வே

டிரான்ஸ்போர்டேஷன் பாடத்தில் ஒரிஜின் டெஸ்டினேஷன் சர்வேன்னு ஒண்ணு வரும். யார் எங்கிருந்து கிளம்பி எங்கே போறாங்கன்னு கணக்கெடுத்து அப்புறம்தான் ரோடு போடணும். நம்ம காம்பஸிலேயே பாருங்க, ஹாஸ்டலிலிருந்து மெஸ்ஸுக்கு சிமெண்ட் பாதை வளைஞ்சு போகும், பசங்க நடந்து தேய்ச்ச ஒத்தையடிப் பாதை புல்லு நடுவில் நேரா போகும். எது நிஜமான ரோடுன்னு புல்லுக்குத் தெரியும்.

நூறு வருஷம் முன்னாடியே இதை வீட்டுக்குள்ள செஞ்ச ஒருத்தர் இருக்காங்க. மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தின் குடியிருப்புகளுக்காக 1926-ல் ஒரு சமையலறை வடிவமைச்சாங்க. ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கணும், எதை எட்டி எடுக்கணும்னு முதலில் பார்த்து, அப்புறம்தான் அலமாரி எங்கேன்னு முடிவு பண்ணாங்க. 2 மீட்டருக்கும் குறைவான அகலம்தான் அந்த அறை. அவங்க சமையலறைக்குப் பண்ணினதை நம்ம ஹாலுக்குப் பண்ணக் கூடாதான்னு தோணிச்சு.

ஸ்டடி ஹாலிடேஸில் வீட்டில் இருந்தேன். படிக்கிற பாவனையில் ஒரு நாள் முழுக்க ஹாலில் உட்கார்ந்து, கிராஃப் ஷீட்டில் ஹாலை வரைஞ்சு, ஆளுக்கு ஒரு கலர் ஸ்கெட்ச். யார் எழுந்து எங்கே போனாலும் ஒரு கோடு.

சாயங்காலம் பார்த்தா அம்மாவோட சிவப்புக் கோடு சமையலறை வாசலில் தூரிகை மாதிரி விரிஞ்சிருந்தது. தட்டு, தண்ணி, சட்னி, மறந்துபோன ஸ்பூன். ஒவ்வொரு தடவையும் மேசையைச் சுற்றி. தங்கச்சியோட பச்சைக் கோடு சார்ஜர் பாயிண்டை மையமா வச்சு வட்டம் போட்டது. அப்பாவோட நீலம் சோபாவுக்கும் வாசலுக்கும் நடுவில் நேர்கோடு.

அப்பத்தாவுக்கு ஊதா. ரெண்டே கோடுதான். காலையில் ஆறரைக்கு அறையிலிருந்து பாத்ரூம், திரும்ப அறை. மதியம் 3 மணிக்கு, எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு மேசை காலியான பிறகு, திரும்பவும் ஒருதடவை. ஹாலின் வடக்குப் பாதியில் ஊதா நிறமே இல்ல. சாப்பாடு தட்டில் அவங்க அறைக்குப் போயிடுது, சிவப்புக் கோட்டில்.

ராத்திரி அவங்க பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஏன் அப்பத்தா, ஹாலுக்கு வர்றதே இல்ல?"

"அங்க எனக்கு என்னய்யா சோலி?"

"டிவி பார்க்கலாம்ல?"

"எனக்கெதுக்கு டிவி." கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க. "நான் வந்தா ஒவ்வொருத்தரும் எந்திரிக்கணும்யா. சோத்துல கைய வச்சிருக்குற பிள்ளைய எந்திரிக்கச் சொல்லலாமா? உங்கப்பன் வேலைக்குப் போயிட்டு வந்து அப்பத்தான் உக்காந்திருப்பான். அதான் தண்ணியக் கொஞ்சம் கம்மியாக் குடிச்சிக்கிறேன். ஒண்ணும் செய்யல எனக்கு."

கட்டில் பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணி. அம்மா காலையில் வச்சது, குறையல.

யாரும் அவங்களை வராதேன்னு சொல்லல. எங்க வீட்டில் அப்பத்தா மேல எல்லாருக்கும் பாசம்தான். அம்மா குளிக்க வைக்கிறாங்க, அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் அவங்க அறைக்குத்தான் போவாங்க. ஆனா வராதேன்னு ஒரு நாற்காலி சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, தினமும் மூணு வேளை. எங்க காதுக்கு அது கேட்கல, அவங்களுக்குக் கேட்டிருக்கு.

நியூஸ்பேப்பர் சோபா

அப்பாகிட்ட இதைப் பேச்சில் சொன்னா எடுபடாதுன்னு தெரியும். "டேபிளைச் சுவரோட ஒட்டினா மெஸ் மாதிரி இருக்கும்டா"ன்னு ஒரு வரியில் முடிஞ்சிடும். அதனால ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் கட்டை எடுத்தேன். ஒரு நியூஸ்பேப்பரை ஒட்டி ஒட்டி மேசை அளவுக்கு ஒண்ணு, நாற்காலியில் ஆள் உட்கார்ந்த அளவுக்கு நாலு. மேசையை அப்பாவும் நானும் தூக்கி பெட்ரூமில் வச்சோம். தரையில் பேப்பர் மேசை. அதைக் கிழக்குச் சுவர் ஓரமா போட்டு, சாக்பீஸால் கோடு போட்டேன்.

ஒண்ணே முக்கால் அடிச் சந்து இருந்த இடத்தில் இப்ப அஞ்சரை அடி. பத்தரையில் மேசை 3 போச்சு, உட்கார்ந்த ஆள் 2 போச்சு, மிச்சம் அஞ்சரை.

"ஒரு பக்கம் சுவர்னா ஆறு பேர் எப்படி உட்கார்றது?"ன்னு அப்பா கேட்டாங்க.

"தினமும் ஆறு பேரா இருக்கோம்?"

நீளப் பக்கம் ரெண்டு, தலைமாட்டில் ஒண்ணு, கால்மாட்டில் ஒண்ணு. நாலு பேர். நான் ஹாஸ்டலில் இருக்கிற நாளெல்லாம் வீட்டில் நாலு பேர்தான். நான் வர்ற அன்னிக்கு மேசையை ரெண்டடி இழுத்தா அஞ்சு. விருந்தாளி வந்தா முழுசா இழுத்தா ஆறு. வருஷத்தில் பத்து நாள் வர்ற விருந்தாளிக்காக மீதி நாளெல்லாம் வீட்டு ஆள் ஒதுங்கணுமான்னு கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கல. கேட்க வேண்டிய அவசியமும் வரல.

ஏன்னா அப்பா எழுந்து போய் அப்பத்தா அறையிலிருந்து வாக்கரை எடுத்துட்டு வந்தாங்க. பேப்பர் மேசையை நடுவுக்கு இழுத்துப் பழைய இடத்திலேயே போடச் சொன்னாங்க. நிஜ நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு, என்னையும் தங்கச்சியையும் உட்காரச் சொன்னாங்க. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சந்தில் நடந்தாங்க. தங்கச்சி நாற்காலியின் பின்னங்காலில் வாக்கர் மாட்டிச்சு. பின்னாடி எடுத்துத் திருப்பிப் பார்த்தாங்க. திரும்பவும் மாட்டிச்சு. தங்கச்சி எந்திரிக்கப் போனா. "இரு, எந்திரிக்காத"ன்னாங்க.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்னாங்க. அப்புறம் வாக்கரை மெதுவா ஓரமா வச்சுட்டு, "சோபாவை என்னடா பண்றது?"ன்னு கேட்டாங்க.

எல் சோபாவைக் கவிழ்த்துப் பார்த்திருக்கீங்களா? நிறைய மாடல் ஒரே துண்டு கிடையாது. அடியில் இரும்பு கிளிப் ரெண்டு துண்டைச் சேர்த்துப் பிடிச்சிருக்கும். எங்களோடது 5 அடி சோபா ஒண்ணு, 6 அடி நீளத்தில் கால் நீட்டிச் சாயற லாஞ்சர் ஒண்ணு. லாஞ்சரைக் கழட்டிப் பக்கவாட்டில் சாய்ச்சு தங்கச்சி அறை ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டு போனோம். "பாதி இ.எம்.ஐ. அவ ரூம்ல இருக்கு, பாதி ஹால்ல இருக்கு"ன்னு அப்பா இப்பவும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்க, ஆனா கொஞ்சம் வருத்தம் இருக்கு. இருக்கத்தான் செய்யும்.

பால்கனியில் துணி காயப்போடற ஸ்டாண்டா மாறியிருந்த மானாமதுரை தேக்கு நாற்காலியை உள்ளே கொண்டு வந்தோம். உட்காரும் உயரம் 18 அங்குலம், ரெண்டு பக்கமும் கை. கெட்டியான 2 அங்குல மெத்தை போட்டா 20. பிசியோதெரபி சொன்ன எல்லாத்துக்கும் அது பொருந்திச்சு. அந்த நாற்காலியைச் செஞ்ச ஆசாரி எந்த கோட் புத்தகத்தையும் பார்த்திருக்க மாட்டார்.

எங்கே போடறதுன்னுதான் ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் லாஞ்சர் இருந்த இடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில், ஹாலின் ரெண்டு பாதியும் சேர்ற இடத்தில் போட்டோம். அங்கிருந்து டிவி தெரியும், வாசலில் யார் வர்றாங்கன்னு தெரியும், சமையலறை வாசலில் அம்மா தெரியும். அப்பத்தா அறைக் கதவிலிருந்து 9 அடி, நடுவில் எதுவும் இல்ல. கார்ப்பெட்டைச் சுருட்டிப் பரண்ல போட்டாச்சு. வயர் சுவர் ஓரமா போகுது. டீப்பாய்க்குப் பதில் ரெண்டு முக்காலி.

எல்லாம் சரியாயிடுச்சா?

இல்ல. அதையும் சொல்லணும்.

சீலிங் ஃபேன் கொக்கி, காங்கிரீட் போடும்போதே ஸ்லாபில் வச்சிடற பொருள். மேசை நகர்ந்தாலும் கொக்கி நகராது. இப்ப மேசை ஃபேனுக்கு நேர் கீழே இல்ல. அப்பாவுக்கு வேர்க்குது. அம்மா மட்டும் "சோறு ஆறாம இருக்கு, நல்லதுதான்"னு சொல்றாங்க. நீளப் பக்கம் உட்கார்ற ரெண்டு பேர் சுவரைப் பார்த்துச் சாப்பிடணும். அந்தச் சுவரில் தங்கச்சி தன் டைம்டேபிளை ஒட்டி வச்சிருக்கா, அதனால அப்பாவுக்கு அவ எக்ஸாம் தேதி எல்லாம் மனப்பாடம். அவளுக்குத்தான் இதில் நஷ்டம்.

பெரிய விஷயம் வேற. முதல் ரெண்டு நாள் அப்பத்தா வரவே இல்ல. நாற்காலி காலியா இருந்தது. கூப்பிட்டா "வர்றேன் வர்றேன்"னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டாங்க. ரெண்டு மாசப் பழக்கம் ரெண்டு நாளில் போகுமா? மூணாவது நாள் அம்மா சின்ன வெங்காயத்தை முறத்தில் போட்டு அந்த நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் வச்சுட்டு, "அத்தே, இதை உரிச்சுக் குடுங்க, எனக்குக் கை ஒழியல"ன்னு குரல் மட்டும் கொடுத்தாங்க. டிவி பார்க்க வராதவங்க வெங்காயம் உரிக்க வந்தாங்க. சோலி இருந்தாத்தான் இடம் சொந்தமாகும்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. என் கிராஃப் ஷீட்டில் அது இல்ல.

அம்மாவுக்கும் இது முழுச் சந்தோஷம்னு சொல்ல முடியாது. சமையலறை வாசல் நேரா தெரியற இடத்தில் மாமியார் உட்கார்ந்திருக்காங்க. "தாளிப்பு கருகுது போல"ன்னு 15 அடி தூரத்திலிருந்து குரல் வருது. அம்மா என்கிட்ட ஃபோனில் "நீ நல்லா பிளான் போட்டப்பா"ன்னு ஒரு மாதிரி குரலில் சொன்னாங்க. ஆனா சமையலறைக் கதவை யாரும் சாத்தல. செம்பில் இருக்கிற தண்ணி மதியத்துக்குள்ள காலியாயிடுதுன்னு அதே ஃபோனில் அவங்கதான் சொன்னாங்க.

உங்க வீட்டுக்கு

நம்மில் நிறையப் பேர் வீட்டில் ஒரு ஹாலும் அதுக்குள்ள ஒரு குடும்பமும் இருக்கு. லீவுக்குப் போகும்போது 5 மீட்டர் டேப் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. கடையில் நூறு ரூபாய்க்கும் கிடைக்கும். முதலில் பர்னிச்சரை அளக்காதீங்க. ஆள் நடக்கிறதை அளங்க. ஒரு நாள் ஸ்கெட்ச் பேனா போதும். யாரோட கோடு கம்மியா இருக்குன்னு பாருங்க. அந்தக் கோட்டுக்கு முதலில் வழி விடுங்க.

அப்புறம் இந்த அளவுகளை வச்சுக்கோங்க. நடக்கிற வழி 3 அடி இருந்தா நல்லது, வாக்கருக்கும் அது போதும். வீல்சேர் இருந்தா அது முழுசாத் திரும்ப 5 அடிக்கு 5 அடி காலி இடம் வேணும். மேசை உயரம் 30 அங்குலம், நாற்காலி 18 அங்குலம்ங்கிறது வழக்கம். நாற்காலியைப் பின்னால தள்ளி எந்திரிக்க மேசையிலிருந்து 3 அடி விடுங்க. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் ஒன்றரை அடி. வயசானவங்க நாற்காலிக்குக் கண்டிப்பா கை இருக்கணும், எந்திரிக்கிறதே அதை ஊன்றித்தான். சுவிட்ச் போர்டு, ஃபேன் கொக்கி, டிவி பாயிண்ட் மூணும் நகராது, அதை முதலில் படத்தில் குறிச்சுக்கோங்க. பேப்பரை வெட்டித் தரையில் போட்டு ரெண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்க. சோபாவைத் தூக்கறதைவிடப் பேப்பரைத் தூக்கறது சுலபம்.

புது வீடு வாங்கப் போறீங்கன்னா, பில்டர் படத்தில் இருக்கிற சோபாவை அளந்து பாருங்க. அப்புறம் அதே அளவில் ஒரு சோபா கடையில் இருக்கான்னு தேடுங்க.

படிச்சு முடிச்சு நம்மில் பாதிப் பேர் இந்த மாதிரி படங்களை வரையற ஆபீஸில் உட்காரப் போறோம். சாஃப்ட்வேரில் ஒரு கிளிக்கில் சோபா வந்து உட்காரும், நாற்காலி எல்லாம் மேசைக்குள்ள நுழைஞ்சுக்கும். அப்ப ஒரு நாற்காலியை மட்டும் வெளியே இழுத்து அதில் ஒரு ஆளை உட்கார வச்சு வரையுங்க. அவர் முதுகுக்குப் பின்னாடி இன்னொருத்தர் போக முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா, அந்த இன்னொருத்தர் எங்கேயோ ஒரு அறையில் தண்ணியைக் குறைச்சுக் குடிச்சுக்கிட்டு இருப்பார். கேட்டா, ஒண்ணும் செய்யலன்னுதான் சொல்வார்.